சில இடங்களில் சப்டைட்டில் வேண்டாம்: ‘ஷோகன்’ குழுவினருக்கு ஒரு துபாஷியின் திறந்த மடல்

ரேச்சல் கோண்டோ, ஜஸ்டின் மார்க்ஸ், ஹிரோயுக்கி சனாடா ஆகியோருக்கும், ‘ஷோகன்’ இரண்டாம் பருவத்தில் வேலை செய்யும் மற்றவர்களுக்கும்,

வணக்கம்.

சென்னையை ஒட்டிய ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். ஜப்பானிலிருந்து வரும் வல்லுநர் ஒரு பக்கம், எங்கள் ஊர்ப் பையன்கள் மறுபக்கம், நடுவில் நான். தொழிற்சாலையில் என்னை ‘டிரான்ஸ்லேட்டர் மேடம்’ என்பார்கள். என் அப்பா கேலியாக வைத்த பெயர்தான் எனக்குப் பிடிக்கும்: துபாஷி. இரண்டு மொழி பேசுகிறவர். 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, தான் கண்டதையும் கேட்டதையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்துவிட்டுப் போனார். எனக்கு அந்த அளவுக்குப் பொறுமை கிடையாது. ஒரு மடல்தான் எழுத முடியும்.

1600ஆம் ஆண்டு ஜப்பானில் கரையேறும் பிளாக்தார்ன் என்ற ஆங்கிலேய மாலுமியின் கதையை, ஜேம்ஸ் கிளாவலின் நாவலிலிருந்து 2024இல் தொடராக்கினீர்கள். அடுத்த பருவத்தின் கதை அதிலிருந்து பத்து ஆண்டுகள் கழித்து நடக்கும் என்று அறிவித்திருக்கிறீர்கள். நாவலைத் தாண்டிப் போகிறீர்கள், சரி. ஆனால் அந்தக் கதையில், பிளாக்தார்னுக்கும் ஜப்பானியப் பிரபு தொரனாகாவுக்கும் நடுவே மொழிபெயர்த்த மரிக்கோ இல்லை. அவள் இல்லாத சபையில் யார் மொழிபெயர்ப்பார்கள் என்பதுதான் என் கவலை. அதற்கு நான் சொல்லும் யோசனை உங்களுக்கு விளங்க வேண்டுமானால், முதலில் அதே நாவலிலிருந்து வந்த 1980ஆம் ஆண்டுத் தொடரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1998இல் சென்னையில் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் சென்செய், அதாவது ஆசிரியர், ஒரு நாள் தடிமனான அட்டைப் பெட்டி நிறைய வீடியோ கேசட்டுகளைக் கொண்டுவந்தார். எல்லாம் பழைய ‘ஷோகன்’. திரையில் தொரனாகாவாக வரும் தொஷிரோ மிஃபுனே வாயைத் திறந்து நாலு வாக்கியம் உறுமுவார். கீழே ஓர் எழுத்தும் வராது. சென்செய் அங்கே நிறுத்துவார். “என்ன சொன்னார்? சொல்லுங்கள்.” நாங்கள் ஒன்பது பேர். ஒருவருக்கு வினைச்சொல் பிடிபடும், ஒருவருக்கு ‘ஃபுனே’ என்றால் கப்பல் என்பது ஞாபகம் வரும். ஆளுக்கொரு துண்டாகச் சேர்த்து ஒரு வாக்கியம் தேற்றுவோம். சென்செய் ரீவைண்ட் செய்து மறுபடி போடுவார். அந்தத் தொடரின் ஒன்பது மணி நேரத்தை நாங்கள் பார்த்து முடிக்க ஐந்து மாதம் ஆனது.

எங்கள் கேசட்டில் ஏதோ கோளாறு, அதனால்தான் சப்டைட்டில் வரவில்லை என்று அப்போது நினைத்தேன். படைத்தவர்களே வேண்டுமென்று அப்படி விட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. 1980 செப்டம்பர் 15 முதல் 19 வரை ஐந்து இரவுகள் என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய அந்தத் தொடரில், ரிச்சர்ட் சேம்பர்லின் நடித்த பிளாக்தார்னுக்கு எது புரியாதோ அது பார்ப்பவருக்கும் புரியக் கூடாது என்பது இயக்குநர் ஜெர்ரி லண்டனும் எழுத்தாளர் எரிக் பெர்கோவிச்சியும் எடுத்த முடிவு. ரொம்பவும் தவித்துப்போகும் இடத்தில் கதைசொல்லியாக ஆர்சன் வெல்ஸின் குரல் வந்து கைகொடுக்கும். மற்றபடி யோக்கோ ஷிமாடாவின் மரிக்கோ என்ன சொல்கிறாளோ அதுதான் நமக்குக் கிடைத்த செய்தி. அவள் பொய் சொன்னால் நாமும் ஏமாந்தோம்.

2025 மார்ச்சில் சேம்பர்லின் இறந்த செய்தி வந்த வாரம் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இந்த மடல் அந்த வாரத்தில் மனசுக்குள் எழுதத் தொடங்கியது.

பழையதை நான் தலையில் தூக்கி வைத்து ஆடப்போவதில்லை. ஒரு மாபெரும் நடிகரைக் கூட்டிவந்து, ஒன்பது மணி நேரத்துக்கு அவர் பேச்சை வெறும் சத்தமாக வைத்திருந்தார்கள். மிஃபுனே புருவத்தாலும் தோள்பட்டையாலும் நடித்துச் சமாளித்தார். வீட்டில் உட்கார்ந்து பார்த்த அமெரிக்கருக்கு ஜப்பானியர்கள் கோபமாகக் கத்துகிறவர்கள், தலை வெட்டுகிறவர்கள், அழகாகத் தேநீர் ஊற்றுகிறவர்கள். அவர்களுக்குள் நடந்த அரசியல், யார் யாருக்கு ஏன் பகை என்பதெல்லாம் வெளிச்சுவர் தாண்டிக் கேட்கும் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரிதான். அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த அந்தத் தொடர் ஜப்பானில் எடுபடாமல் போனதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். அவர்களுக்கு எல்லாமே புரிந்தது. எல்லாமே புரிந்துவிட்டால் அந்தத் தொடரில் பாதி காலி.

நீங்கள் அதைத் தலைகீழாக்கினீர்கள். உங்கள் பத்துப் பகுதிகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு வசனம் ஜப்பானியம். ஆங்கிலத்தில் எழுதி, ஜப்பானியத்தில் பெயர்த்து, அதை நாடக ஆசிரியர் கியோக்கோ மொரிவாக்கியிடம் கொடுத்து அந்தக் காலத்து நடைக்கு மாற்றி, அதற்குப் பிறகு மறுபடி ஆங்கில சப்டைட்டிலுக்கு வந்திருக்கிறீர்கள். இந்தச் சுற்று எவ்வளவு அலுப்பானது என்று என் தொழிலில் இருப்பவருக்குத் தெரியும். 2024இல் 18 எம்மி விருதுகள் வந்தன, ஒரே பருவத்துக்கு அதுவரை யாரும் அத்தனை வாங்கியதில்லை. உங்கள் தொரனாகாவான சனாடா மேடையேறி ஜப்பானியத்திலும் சில வார்த்தை பேசினார். அப்போது என் கண் கலங்கியது. சென்செய் இருந்திருந்தால் நிறுத்தி, “என்ன சொன்னார்?” என்று கேட்டிருப்பார்.

விருதை விடுங்கள். எனக்கு நீங்கள் செய்த பெரிய உபகாரம், மொழிபெயர்ப்பாளர் என்ன வேலை செய்கிறார் என்பதைத் திரையில் காட்டியது. பிளாக்தார்ன் கொதித்துக் கொட்டுவான். மரிக்கோ அதை ஒரு மரியாதை வாக்கியமாகச் சுருட்டி தொரனாகா முன்னால் வைப்பாள். இரண்டு பக்கமும் நமக்குத் தெரிவதால், நடுவில் அவள் எதை விழுங்கினாள் என்பதும் தெரிந்துவிடும். உங்கள் மரிக்கோவான அன்னா சவாயின் முகத்தில் அந்த விழுங்கல் தெரியும், கண்ணிமை ஒரு நொடி தாழும், அவ்வளவுதான். ஆறாம் பகுதியில் தேநீர் விடுதியில் கிக்கு என்ற பெண் பிளாக்தார்னிடம் பேசுவதை மரிக்கோ மொழிபெயர்க்கிறாளே, அந்தக் காட்சியை மட்டும் நான் ஏழெட்டு முறை பார்த்திருப்பேன். வார்த்தைகள் கிக்குவுடையவை, குரல் மரிக்கோவுடையது. இரண்டாம் வாக்கியத்திலேயே யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது குழம்பிவிடுகிறது. இன்னொருவர் பேச்சு என்ற திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தன் மனசைச் சொல்லிவிடுவது துபாஷிக்கு மட்டும் வாய்த்த சுகம். பழைய தொடரின் முறையில் இந்தக் காட்சியை எடுக்கவே முடியாது.

என் கதை ஒன்று சொல்கிறேன். ஒரு தொழிற்சாலையில் ரிஜெக்‌ஷன் ஏறிக்கொண்டே போனது. ஜப்பானிலிருந்து வந்த பெரியவர் லைன் நடுவில் நின்று எல்லார் முன்னாலும் கத்தினார். நல்ல வார்த்தைகள் இல்லை. நான் லைன் லீடரிடம் திரும்பி, “இன்னும் கொஞ்சம் கவனமா செய்யணும்னு சொல்றார்” என்றேன். அவர் என்னைப் பார்த்து, “மேடம், அவர் திட்டினது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. நீங்க சொன்னதுதான் புரியல” என்றார்.

இப்போது பழையதன் பக்கம் வருகிறேன். லைன் லீடருக்குப் புரிந்த அந்த விஷயம் சேம்பர்லினின் பிளாக்தார்னுக்கும் புரிந்தது. மொழி தெரியாதவனுக்குத் தொனி தெரியும், தோரணை தெரியும், எந்தக் கை வாளுக்குப் போகிறது என்பது தெரியும். அந்தப் பயத்தோடுதான் அவன் ஒவ்வொரு சொல்லாகக் கற்றான், நாமும் அவன் கூடவே கற்றோம். ‘ஹாய்’ (ஆமாம்), ‘வகாரிமாஸ் கா’ (புரிகிறதா) எல்லாம் பார்ப்பவர் நாக்கிலும் ஒட்டிக்கொண்டன. அவன் முதன்முதலாக ஒரு முழு வாக்கியத்தைப் பிழையில்லாமல் சொல்லும்போது எங்கள் வகுப்பில் கைதட்டல்.

உங்கள் தொடரில் பிளாக்தார்னாக வரும் காஸ்மோ ஜார்விஸ் முதல் வாக்கியத்தைச் சரியாகச் சொல்லும்போது நான் கைதட்டவில்லை. அவர்மேல் குறையில்லை, கரடி மாதிரி உறுமிக்கொண்டே நன்றாகத்தான் நடித்தார். ஆனால் அவருக்கு முன்பே எனக்கு எல்லாம் தெரியும். திரையில் இருக்கும் எல்லாரையும்விட நான் விவரமானவள். அவர் மட்டும்தான் அசடு. அசடைப் பார்த்துச் சிரிக்கலாம். அவரோடு சேர்ந்து பயப்பட முடியவில்லை. சப்டைட்டில் நமக்கு ஒரு மேடை போட்டுக் கொடுத்துவிட்டது, அங்கிருந்து இறங்க வழி இல்லை.

ஒரே ஓர் இடத்தில் அந்த மேடையிலிருந்து எங்களைத் தள்ளிவிட்டீர்கள். பிளாக்தார்ன் தன் வீட்டில் ஒரு காட்டுக்கோழியைத் தொங்கவிட்டு, யாரும் தொடக்கூடாது என்பதைத் தனக்குத் தெரிந்த உடைசல் ஜப்பானியத்தில் சொல்கிறான். தொட்டால் சாவு என்று வந்து விழுகிறது. நாங்கள் சப்டைட்டிலைப் படித்துச் சிரித்தோம். பிறகு தோட்டக்காரக் கிழவர் உயெஜிரோ, நாறிப்போன அந்தக் கோழியை அப்புறப்படுத்தியதற்காகக் கொல்லப்பட்டார் என்று தெரிகிறது. வீட்டாருக்கு அது எஜமானின் ஆணை. அந்தச் சிரிப்பு எனக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டது. அரைகுறை மொழி ஆளைக் கொல்லும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

ஒரு மனத்தாங்கல். மொழிக்காக இவ்வளவு மெனக்கெட்ட நீங்கள், போர்த்துக்கீசியத்தை மட்டும் ஏன் காவு கொடுத்தீர்கள்? மரிக்கோவும் பிளாக்தார்னும் பேசுவது போர்த்துக்கீசியம் என்று கதை சொல்கிறது, காதில் விழுவது ஆங்கிலம். பழைய தொடரும் இதையே செய்தது, அதை மன்னிக்கலாம், அது 1980. நீங்கள் செய்ததில் ஒரு நுட்பமே தொலைந்தது. மரிக்கோவுக்கும் அது அந்நிய மொழி, பிளாக்தார்னுக்கும் அந்நிய மொழி. இருவரும் தத்தம் தாய்மொழியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு எதிரியின் மொழியில் சந்திக்கிறார்கள். ஆங்கிலத்தில் கேட்கும்போது அவன் தன் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறான், அவள் மட்டும் விருந்தாளி.

இந்தப் போர்த்துக்கீசிய விவகாரத்தில் எனக்குக் கொஞ்சம் உறவுமுறை உண்டு. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் எங்கள் முத்துக்குளித்துறைக்குத்தான் வந்தார். தமிழ் தெரியாது. உள்ளூர் ஆட்களை வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்தார். ‘நான் விசுவாசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று பெயர்த்துவிட்டிருந்தார்கள். பிறகு கண்டுபிடித்து, ‘வேணும்’ என்பதை எடுத்துவிட்டு ‘விசுவாசம்’ போடும்படி தன் சகாவுக்குக் கடிதம் எழுதினார். அவரே 1549இல் ககோஷிமாவில் போய் இறங்கினார். அங்கே அவருக்குத் துபாஷியாக இருந்தவர் அஞ்சிரோ என்ற ஜப்பானியர். கடவுளுக்கு ‘தைநிச்சி’ என்ற சொல் சரியாக இருக்கும் என்று அவர் சொல்ல, கொஞ்ச காலம் அதையே பிரசங்கம் செய்து, அது புத்தரின் ஒரு வடிவத்தின் பெயர் என்று தெரிந்த பிறகு ‘தேயுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கே திரும்பினார்கள். தூத்துக்குடியில் பட்டது ஜப்பானில் உதவவில்லை. பிளாக்தார்ன் கரையேறும் மீனவக் கிராமத்துக்கு ஜேம்ஸ் கிளாவல் தன் நாவலில் வைத்த பெயரும் அஞ்சிரோதான். தெரிந்து வைத்தாரா, தற்செயலா, எதுவானாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

இனி என் யோசனை.

உங்கள் பிளாக்தார்னுக்கு மூலமான வில்லியம் ஆடம்ஸ், 1600 ஏப்ரலில் ‘லீஃப்தே’ என்ற டச்சுக் கப்பலில் போய்ச் சேர்ந்தவர். மரிக்கோவுக்கு மூலமான ஹொசொகாவா கிரேசியா அதே ஆண்டு ஒசாகாவில் இறந்தார். இருவரும் சந்தித்ததற்குச் சான்றில்லை. அந்தக் காதல் நாவலாசிரியரின் கொடை. ஆனால் ஆடம்ஸ் அதற்குப் பிறகு இருபது ஆண்டு வாழ்ந்தார். தொரனாகாவுக்கு மூலமான இயெயாசுவுக்குக் கப்பல் கட்டினார், ஹெமியில் நிலம் பெற்றார், மியுரா அஞ்சின் ஆனார். 1613இல் ஜான் சாரிஸின் தலைமையில் ‘குளோவ்’ என்ற ஆங்கிலக் கப்பல் ஹிராடோவுக்கு வந்தபோது, இயெயாசுவின் முன்னால் இரு தரப்புக்கும் நடுவே உட்கார்ந்து பேச்சை மாற்றிக் கொடுத்தவர் ஆடம்ஸ்தான்.

ஆக, அடுத்த துபாஷி அவன். மரிக்கோ உட்கார்ந்த இடத்தில் பிளாக்தார்ன் உட்காரப் போகிறான். உங்கள் பத்தாண்டுத் தாவல் கிட்டத்தட்ட அந்தக் காலத்தில்தான் போய் விழுகிறது. சாரிஸுக்கு ஆடம்ஸைப் பிடிக்கவில்லை. தங்களோடு தங்காமல் தனியாகத் தங்குகிறான், ஜப்பானியனாகவே மாறிவிட்டான் என்று புகைந்தார். ஊர்க்காரன் வருவான் என்று பதிமூன்று வருடம் காத்திருந்த மனிதனுக்கு, வந்த ஊர்க்காரன் அந்நியனாகத் தெரிகிறான். எனக்கும் இது தெரியும். ஒசாகாவில் ஆறு மாதப் பயிற்சி முடித்துவிட்டுத் திரும்பிய முதல் வாரம், மீனம்பாக்கத்தில் எல்லாரும் ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்று எனக்குத் தலைவலி. ஆறு மாதத்துக்கே அப்படி.

அந்தக் காட்சியை எடுக்கும்போது ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஆங்கிலத்தை இரைச்சலாக்குங்கள். ஜப்பானியர்கள் சபையில் அமர்ந்திருக்கிறார்கள். நம் காதுகள் இப்போது அவர்களுடையவை, ஜப்பானியத்துக்குக் கீழே சப்டைட்டில் வழக்கம்போல் ஓடட்டும். கப்பல் தலைவன் வாயைத் திறக்கும்போது பழைய டெவன்ஷைர் வட்டார வழக்கோ மாலுமிக் கொச்சையோ, ஆங்கிலம் தெரிந்தவருக்கே பிடிபடாத ஏதோ ஒன்று வரட்டும். கீழே ஓர் எழுத்தும் வேண்டாம். பிளாக்தார்ன் அதைக் கேட்டு, ஒரு நொடி கண்ணைத் தாழ்த்தி, தொரனாகாவிடம் ஜப்பானியத்தில் ஒரு மரியாதையான வாக்கியம் சொல்லட்டும். அவன் எதை விழுங்கினான் என்று எங்களுக்குத் தெரிய வேண்டாம். 1980இல் மிஃபுனேவின் ஆட்களுக்குச் செய்ததை ஒரு பத்து நிமிடம் ஆங்கிலேயருக்குச் செய்து பாருங்கள். இரண்டு தொடர்களும் அங்கே கைகுலுக்கும்.

உங்கள் ஒளிப்பதிவில் ஓரங்கள் மங்கலாக இருப்பது பற்றிப் பலரும் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது பெரிய விஷயமில்லை. நீங்கள் படமெடுத்த கனடாவின் மூடுபனியும் எனக்குச் சம்மதமே. முழுக்க ஜப்பானிலேயே எடுக்கப்பட்ட பழைய தொடரின் வெயில் மட்டும் அவ்வப்போது ஞாபகம் வருகிறது.

கடைசியாக ஒரு தொழில்முறை விண்ணப்பம். இரண்டாம் பருவத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போடுவதானால், ஆங்கிலத்திலிருந்து எடுக்காதீர்கள். ஜப்பானியத்திலிருந்து நேராக வாருங்கள். அந்த மொழியில் வினை கடைசியில், மறுப்பும் கடைசியில். தமிழிலும் அப்படித்தான். சனாடா ஒரு வாக்கியத்தை இழுத்து நிறுத்தும்போது சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும், முடிவு இன்னும் வரவில்லை. ஆங்கில சப்டைட்டில் அதற்குள் ‘நாட்’ என்பதை முன்னாலேயே உளறிவிடும். தமிழில் “அவனை இப்போதே கொல்ல வேண்டும் என்று நான் நினைக்க” வரைக்கும் போய், அவர் மூச்சு விடும்வரை காத்திருந்து, “வில்லை” என்று முடிக்கலாம். நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று எங்களிடம் நாலு படி இருக்கிறது. பிரபு யபுஷிகே எந்தப் படியில் நின்று யாரைப் பார்க்கிறான் என்பதை ஒரே எழுத்தில் சொல்லிவிடலாம். ஜப்பானியர் “கொஞ்சம் கஷ்டம்” என்றால் ‘முடியாது’ என்று அர்த்தம். இதை ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு விளக்க எனக்குப் பாதி நாள் ஆகும். ஒரகடத்தில் அதை அப்படியே சொன்னால் போதும், “சரி மேடம், முடியாதுங்கறார்” என்று எழுந்து போய்விடுவார்கள்.

ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள். இரவு ஷிப்ட் இல்லாத வாரங்களில் எனக்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரகடத்திலிருந்து ஒரு துபாஷி